வரியில்லா ஞாயிறு

அத்தியாயம் ஐந்து

அந்த ரசீதில் தப்பு இருக்கிறது என்பதில் வெர்னா குபிசெக்குக்குச் சந்தேகமே இல்லை. யாருடைய தப்பு என்பதில்தான் சந்தேகம்.

பிக்கப் வண்டியின் ஸ்டியரிங் மேல் அதை விரித்துவைத்து மூன்றாவது முறையாகப் படித்தாள். வார்ன்கே ஹார்டுவேர், போர்ட் ஆன்செல்மோ, டெக்ஸஸ். தேதி, ஏப்ரல் மாதத்துக் கடைசி ஞாயிறு. ஜெனரேட்டர் ஒன்று, டார்ச் லைட்டுக்குப் போடும் குண்டு பேட்டரி எட்டு, தார்ப்பாய் இரண்டு, கோடாரி ஒன்று, படகு பேட்டரி ஒன்று. மொத்தத்துக்குக் கீழே விற்பனை வரி எட்டேகால் சதவீதம் சேர்த்து, பணம் வாங்கியாகிவிட்டது. அடியில் கவுண்ட்டர் 2 என்று இருந்தது. பக்கத்தில் ‘ஹெச்’ என்று ஒற்றை எழுத்து.

வம்பு என்னவென்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை டெக்ஸஸில் அந்தச் சாமான்களுக்கு வரியே கிடையாது. புயல் பருவம் தொடங்குமுன் ஏப்ரல் கடைசியில் மூன்று நாள், புயலைச் சமாளிக்க வேண்டியவற்றுக்கெல்லாம் அரசாங்கம் வரியை விட்டுக்கொடுத்துவிடும். கடற்கரை ஊர்களில் அந்த மூன்று நாளும் ஹார்டுவேர் கடைகளில் கால் வைக்க இடம் இருக்காது.

“கோடாரிக்கு வரி இல்ல, மின்ரம்பத்துக்கு வரி உண்டு,” என்றான் பக்கத்து சீட்டில் இருந்த நெஸ்டர் வில்லகோமெஸ். அரசாங்கம் வெளியிட்ட பட்டியலை மொபைலில் படித்துக்கொண்டிருந்தான். “மரம் விழுந்தா கஷ்டப்பட்டுத்தான் வெட்டணுமாம். டார்ச் பேட்டரிக்கு வரி இல்ல, கார் பேட்டரிக்கு உண்டு. இந்தப் பட்டியலைப் போட்டவர் பெண்டாட்டியோட சண்டை போட்டுட்டு வந்து எழுதியிருக்கணும் முதலாளியம்மா.”

நெஸ்டருக்கு நாற்பத்திரண்டு வயது. பதினைந்து வருஷம் பழைய கார் விற்றுவிட்டு, இப்போது வெர்னாவுக்கு உதவியாக இருப்பவன். பொய்யை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவான், இத்தனை காலமும் அதைத்தான் விற்றுக்கொண்டிருந்தான் என்பதால். வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு. போலீஸில் மோசடி வழக்குகளைப் பார்த்துவிட்டு, ஓய்வுபெற்றபின் தனியாகத் துப்பறியும் வேலை செய்கிறாள். பெற்ற தாய் பிறந்தநாள் சொன்னாலும் சான்றிதழைக் கேட்பாள் என்று அவளைப் பற்றி ஊரில் பேச்சு.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் கோல்பி காலையிலேயே போனில் எல்லாவற்றையும் முடித்துவைத்திருந்தான். ஜூலைப் புயலில் ஊருக்குக் கரண்ட் போன நாலாம் நாள், டுவாங் வான் தோய் என்ற இறால் படகுக்காரரின் கொட்டகை எரிந்துபோனது. வலைகள், ஐஸ் மெஷின், ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் எல்லாம் சாம்பல். விபத்து என்று தீயணைப்புத் துறை எழுதிவிட்டது. ஆனால் தோய் கொடுத்த ரசீது போலி, ரசீது போலி என்றால் ஜெனரேட்டர் பொய், ஜெனரேட்டர் பொய் என்றால் தீயும் அவர் வைத்ததுதான் என்பது கோல்பியின் கணக்கு. கடைக்காரரும் அது தங்கள் ரசீது இல்லை என்று சொல்லிவிட்டாராம். நாலு மணிக்குள் வெர்னா ஒரு கையெழுத்துப் போட்டு அறிக்கை தந்தால், கோப்பு அரசு வக்கீலிடம் போகும். அதற்குப் பிறகு தோய்க்குப் படகும் இருக்காது, வீடும் இருக்காது, ஜெயில்தான்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டான் நெஸ்டர்.

“போலி ரசீது அடிக்கிறவன், இல்லாத வரியை எதுக்கு அடிக்கணும்? அது ஒண்ணுதான் உறுத்துது.”

“அவசரத்துல மறந்திருப்பார்.”

“மறந்திருக்கலாம்,” என்றாள் வெர்னா. அதையும் அவள் நம்பவில்லை.

தோய் துறைமுகத்தில், கரையேற்றியிருந்த தன் படகின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். வேறு நாட்டிலிருந்து வந்து, நாற்பது வருஷமாக இந்தக் கடலில் இறால் பிடிக்கிறவர். கேட்டதற்கெல்லாம் ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். ரசீது தன்னுடையதுதான். ஜெனரேட்டர் வாங்கியது உண்மை. கொட்டகையை எரிக்கவில்லை.

வரி போட்டிருப்பதைக் கவனித்தாரா என்று கேட்டாள் வெர்னா.

“பாத்தேன்.”

“எப்போ?”

“அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுமே.”

அப்படியானால் ஏன் கடைக்குத் திரும்பப் போய்க் கேட்கவில்லை என்றாள். அவர் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். கவுண்ட்டரில் பில் போட்டது யார் என்று கேட்டாள். ஞாபகமில்லை என்றார். சொல்லும்போது அவர் கையில் ரசீது இருந்தது. கட்டைவிரல் மெல்ல நகர்ந்து, அடியில் இருந்த அந்த ஒற்றை எழுத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

வெர்னா அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அப்போது பக்கத்திலேயே இருந்த அவர் வீட்டுப் படியிறங்கி ஒரு பெண் ஐஸ் காபி கொண்டுவந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். விருந்தாளிகள் இருவருக்கும் கொடுத்துவிட்டு மூன்றாவது கண்ணாடித் தம்ளரை மரப்பலகை மேல் தோயின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். தோய் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். வெர்னா கிளம்பும்வரை ஐஸ் உருகித் தண்ணீராகியும் அவர் அந்தக் காபியைத் தொடவில்லை.

“உங்க பொண்ணா?” என்று கேட்டான் நெஸ்டர்.

தோய் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு வெர்னாவைப் பார்த்து, “பில்லு போலின்னு எழுதிக்கணும்னா எழுதிக்குங்க. வேற யாரையும் எதுவும் கேக்காதீங்க,” என்றார்.

வண்டிக்குத் திரும்பும்போது நெஸ்டர் சிரிக்கவில்லை. பதினைந்து வருஷத்தில் தான் பார்த்த பொய்யர்கள் எல்லோரும் நல்ல விலைக்குத்தான் பொய் சொன்னார்கள் என்றான். இவர் ஒருவர்தான் ஜெயிலை விலையாகக் கொடுத்துப் பொய் வாங்கப் பார்க்கிறாராம்.

மார்வின் வார்ன்கேயின் கடை ஊருக்கு நடுவில் இருந்தது. எழுபது வயதுக்காரர், நரைத்த மீசை, கைக்குழந்தையை விசாரிப்பது போல எல்லோரையும் விசாரிக்கும் குரல். வெர்னாவை உள்ளே அழைத்துக் காபி ஊற்றி, தன் மனைவி சுட்ட கொலாச்சி என்று ஒரு தட்டை நீட்டினார். வெர்னாவைப் போல, செக் நாட்டிலிருந்து வந்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு அந்தப் பழம் வைத்த ரொட்டி என்றால் உயிர். வெர்னா ஒன்றைக் கடித்ததும், உள்ளே இருந்த ஆப்ரிகாட் ஜாம் கடையில் வாங்கியது என்று கண்டுபிடித்தாள். மனைவி சுட்டது என்பதையும் சந்தேகப்பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

அவள் வாய் திறக்குமுன்பே வார்ன்கே ஒரு கோப்பை எடுத்து மேஜை மேல் வைத்தார். போன வாரம் கம்பெனிக்காரர்கள் போன் செய்ததும், அந்த ஞாயிற்றுக்கிழமை விற்பனையைக் கம்ப்யூட்டரிலிருந்து தானே தேடி எடுத்துவைத்தாராம். அதே தேதி, அதே நேரம், அதே சாமான்கள். எதிரே வரி, பூஜ்யம்.

“நாங்க அன்னைக்கு ஒரு காசு வரி வாங்கலை மிஸ் வெர்னா. அவர்கிட்ட இருக்கிறது எங்க பில் இல்ல.”

தோய் இந்தச் சாமான்களை வாங்கியது மட்டும் உண்மையா என்று கேட்டாள் வெர்னா. வார்ன்கே அதற்கும் தயாராக இருந்தார். பெருமூச்சு விட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்தார். வாங்கியது உண்மைதான், ஆனால் கவுண்ட்டர் இரண்டில் உட்கார்ந்திருந்தது தோயின் மகள் ஹான் என்றார். படகுக்காரர்களுக்கு அவர்கள் பாஷையில் பேச ஒருத்தி வேண்டும் என்றுதான் அவளை வேலைக்கு வைத்தாராம். அந்த மூன்று நாளும் அவள் வரி போட்டதாகத் தனி பில் அடித்துக் கொடுத்து, அந்த வரிப் பணத்தைத் தன் பையில் போட்டிருக்க வேண்டும். மே மாதம் சந்தேகம் வந்து அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம்.

“சின்னப் பொண்ணு, அவ வாழ்க்கையைக் கெடுக்க வேணாம்னு போலீசுக்குப் போகலை,” என்றார். “இப்ப அப்பன் மாட்டிக்கிட்டு நிக்கிறார். எனக்கே மனசு கேக்கலை.”

வெர்னாவுக்குள் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. எழுத்தை மறைத்த கட்டைவிரல். தொடாத காபி. வேறு யாரையும் கேட்காதீர்கள் என்ற வேண்டுகோள். அப்பா போலிக்காரர் இல்லை. மகள் திருடி, அப்பா அவளைக் காப்பாற்றத் தன் தலையைக் கொடுக்கிறார். காலையிலிருந்து உறுத்திய கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

நன்றி சொல்லி, பிரதியை மடித்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற எதையும் அவள் முப்பது வருஷத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதனால் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்தாள்.

நெஸ்டர் கையோடு எடுத்துவந்திருந்த கொலாச்சியைத் தின்றுகொண்டே இரண்டு காகிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். “வார்ன்கே ரொம்ப தாராளம்,” என்றான். “ஜெனரேட்டருக்கு பூஜ்யம், பேட்டரிக்கு பூஜ்யம், தார்ப்பாய்க்கு பூஜ்யம். கேட்டிருந்தா காபிக்கும் பூஜ்யம் போட்டிருப்பார்.”

“மறுபடி சொல்லு.”

“காபிக்கும் பூஜ்யம்.”

“அதுக்கு முன்னாடி. எந்த பேட்டரிக்கு?”

நெஸ்டர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுப் படித்தான். குண்டு பேட்டரி எட்டு, வரி பூஜ்யம். படகு பேட்டரி ஒன்று, வரி பூஜ்யம். வெர்னா மொபைலில் அந்தப் பட்டியலை எடுக்கச் சொன்னாள். காலையில் அவன் கேலி செய்த அதே வரியை இப்போது மெதுவாகப் படித்தான். காருக்கும் படகுக்கும் போடும் பேட்டரிகளுக்குச் சலுகை கிடையாது. அந்த மூன்று நாளிலும் வரி உண்டு.

“அப்ப அந்த ஒரு சாமானுக்கு மட்டும் வரி வந்திருக்கணும்,” என்றாள் வெர்னா. “தோய்கிட்ட இருக்கிற பில்லுல எல்லாத்துக்கும் வரி. இவர்கிட்ட இருக்கிறதுல எதுக்குமே வரி இல்ல. ரெண்டும் தப்பு. ஒண்ணு பேராசைத் தப்பு, இன்னொண்ணு அவசரத் தப்பு.”

ஆனால் வார்ன்கேயின் கம்ப்யூட்டருக்கே அந்த வித்தியாசம் தெரியாமல் இருந்தால்? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றாள். அந்த வாரக் கடைசியில் நெஸ்டரும் அங்கே ஏதோ வாங்கியதாகச் சொன்னது நினைவுக்கு வந்து, ரசீது இருக்கிறதா என்று கேட்டாள். அவன் சீட்டுக்கடியில் கிடந்த சிப்ஸ் பைகளையும் பார்க்கிங் சீட்டுகளையும் அள்ளி மடியில் போட்டான்.

“குப்பைன்னு போன வாரம் திட்டினீங்க. இது ஆவணக் காப்பகம்.”

கால் மணி நேரத் தேடலில் கிடைத்தது. அதே ஞாயிறு, கவுண்ட்டர் 1. கூலர் பெட்டி ஒன்று, வரி இல்லை. வண்டிக்கு வைப்பர் ஒன்று, வரி உண்டு. மெஷினுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரிந்திருந்தது.

மணி இரண்டே கால். வெர்னா மறுபடி கடைக்குள் போனாள். அறிக்கையில் எழுத இரண்டு சின்ன விவரங்கள் வேண்டும் என்றாள். வார்ன்கே மகிழ்ச்சியாக நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

கவுண்ட்டரில் இருக்கிற பெண்கள் யாராவது மெஷினில் வரியை மாற்றிவிட முடியுமா என்பது முதல் கேள்வி. முடியவே முடியாது என்றார் வார்ன்கே. வரி சம்பந்தமான எதையும் தொடத் தன்னுடைய சாவி வேண்டும், அது தன் இடுப்பிலேயே இருக்கிறது என்று தட்டிக் காட்டினார். ஹான் தனியாக வேறு எங்கோதான் பில் அடித்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

“ரெண்டாவது?”

“யாராவது அந்த மூணு நாள்ல படகு பேட்டரி வாங்கியிருந்தா, அதுக்கும் வரியை விட்டுடுவீங்களா?”

வார்ன்கே சிரித்தார். “அது பட்டியல்லயே இல்ல மிஸ் வெர்னா. நாப்பது வருஷமா கடை நடத்துறேன். படகு பேட்டரிக்கு என்னைக்கும் வரி உண்டு, அன்னைக்கும் வாங்கினோம். சட்டம்னா சட்டம்.”

வெர்னா அவர் கொடுத்த பிரதியைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். படகு பேட்டரிக்கு எதிரே இருந்த பூஜ்யத்தின் மேல் விரலை வைத்தாள்.

வார்ன்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். காதோரம் சிவந்தது. மெஷினில் ஏதோ கோளாறு என்றார்.

“கவுண்ட்டர் ஒண்ணுல என் வைப்பருக்குக் கரெக்டா வரி போட்ட மெஷின், கவுண்ட்டர் ரெண்டுல மட்டும் தர்மம் பண்ணியிருக்கு,” என்று நெஸ்டர் தன் ரசீதைக் காட்டினான். “அதுவும் முதலாளிக்குத் தெரியாம.”

“இது மெஷின் அடிச்சது இல்ல,” என்றாள் வெர்னா. “போன வாரம் கம்பெனி கேட்டதும் நீங்களே உக்காந்து வரியையெல்லாம் அழிச்சது. அவசரத்துல அழிக்கக் கூடாததையும் சேத்து அழிச்சிட்டீங்க. ஹான் மே மாசமே போயிட்டா. சாவி உங்க இடுப்புல இருக்கு. அந்த மூணு நாளும் கவுண்ட்டர் ரெண்டுல மட்டும் வரி ஓடணும்னு வச்சது யாரு? அந்தக் காசு யார் பைக்குப் போச்சு?”

வார்ன்கேயின் கை பிரதியை நோக்கி நகர்ந்தது. அதற்குள் அது வெர்னாவின் பைக்குள் போயிருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து, வெளியே கடையில் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தார். பிறகு அதே அன்பான குரலில் சொன்னார்.

“அந்த ஜனங்க பில்லைப் படிக்கவே மாட்டாங்க மிஸ் வெர்னா.”

“ஒருத்தர் படிச்சிருக்கார்,” என்றாள் வெர்னா, எழுந்துகொண்டே.

வண்டியிலிருந்தே கோல்பிக்குப் போன் செய்தாள். ரசீது அசல் என்றும், கடைக்காரரின் பிரதிதான் போலி என்றும், விற்பனை வரி அலுவலகத்துக்குத் தானே எழுதப்போவதாகவும் சொன்னாள். அப்படியானால் கோப்பில் என்ன எழுதுவது என்று கேட்டான் கோல்பி. உண்மையை எழுதலாம், இடம் மிச்சமாகும் என்று நெஸ்டர் பக்கத்திலிருந்து சொன்னான். பில் போட்டவளின் வாக்குமூலமும் வாங்கியவரின் வாக்குமூலமும் நாலு மணிக்குள் வந்தால் அரசு வக்கீலிடம் போகாது என்று கோல்பி ஒப்புக்கொண்டான்.

துறைமுகத்தில் முதலில் ஹானைத்தான் கண்டார்கள். வெர்னா சுற்றி வளைக்கவில்லை. கவுண்ட்டர் இரண்டைப் பற்றித் தெரியும் என்றாள். ஹான் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மூன்று நாளும் தன் எதிரே இருந்த திரையில் மொத்தத் தொகை மட்டும்தான் தெரிந்தது என்றாள். ரசீது நேராகப் பைக்குள் விழும், கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை. மே மாதம், மெஷினுக்குள்ளேயே பதிவாகிச் சுற்றிக்கொள்ளும் கணக்குச் சுருளைப் பிரித்தபோதுதான் தெரிந்ததாம். போய்க் கேட்டதும் வார்ன்கே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். எல்லா ரசீதிலும் இருப்பது உன் எழுத்து, வெளியே பேசினால் ஜெயிலுக்குப் போவது நீதான் என்றும் சொன்னார்.

“எங்க ஆளுங்களையே என் கையால ஏமாத்த வச்சிட்டார் மேடம். வீட்ல எப்படிச் சொல்றது? வேலை பிடிக்கலை, விட்டுட்டேன்னு அப்பாகிட்ட சொன்னேன்.”

இன்னும் ஆதாரம் வேண்டும் என்று வெர்னா சொன்னதும், இரண்டு படகு தள்ளி இருந்த வீடுகளில் அவளே போய்க் கேட்டு, மூன்று ரசீதுகளை வாங்கிவந்தாள். மூன்றிலும் அதே ஞாயிறு, அதே வரி, அதே எழுத்து.

தோய் படகடியிலிருந்து எழுந்து வந்து நின்றிருந்தார். வெர்னா நடந்ததை அவரிடம் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். சாவியைப் பற்றிச் சொன்னபோது நிறுத்தச் சொல்லி, அந்த இடத்தை மறுபடி கேட்டார். புரியாத சொல்லை ஹான் அவர்கள் பாஷையில் எடுத்துச் சொன்னாள். அவள் குரலைக் கேட்டு அவர் தலை குனிந்தது.

ஹான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏப்ரல் முடிவிலிருந்து அவர் ஏன் தன்னோடு ஒரே மேஜையில் உட்காருவதில்லை என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது.

“அஞ்சு மாசமா என்னைத் திருடின்னு நினைச்சீங்களா பா?”

தோய் இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?” என்றார் தோய்.

ஹான் அவரை ஆழமாகப் பார்த்தாள். கோபம் தணியவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

மூன்றரை ஆகியிருந்தது. வெர்னா மரப்பலகை மேல் காகிதத்தை விரித்துப் பேனாவைத் திறந்தாள். வாங்கியவரின் வாக்குமூலம் முதலில். காலையில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள், கவுண்ட்டரில் பில் போட்டது யார் என்று.

“டுவாங் தி ஹான்,” என்றார் தோய். சத்தமாக, துறைமுகத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி. “என் பொண்ணு. அவ மேல தப்பு இல்லை. அவளைச் சந்தேகப்பட்டது நான். அதையும் எழுதிக்குங்க.”

அது தேவையில்லை என்றாள் வெர்னா. எழுதியே ஆக வேண்டும் என்று அவர் நின்றார். எழுதினாள்.

கையெழுத்துப் போட அவர் பேனாவை வாங்கியபோது ஹான் குறுக்கே கை நீட்டினாள். “இருங்க. என்ன எழுதியிருக்குன்னு நான் ஒரு தடவை படிச்சுப் பாக்கணும்.”

நெஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெர்னா அவனை முழங்கையால் இடித்துவிட்டு, காகிதத்தை அவள் பக்கம் திருப்பிவைத்தாள். ஹான் முதல் வரியிலிருந்து விரல் வைத்து, ஒரு வார்த்தை விடாமல் படிக்கத் தொடங்கினாள். தோய் பேனாவைப் பிடித்தபடி, காகிதத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்தாள்.

“சரியா இருக்கு பா,” என்றாள். “போடுங்க.”